முப்பது எழுத்துக்குள் சங்கீதம்

நம் விமர்சனத்தில் பட்டியல் என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. க.நா.சு. பட்டியல் போட்டார் என்பதை அவர் மீதான குற்றச்சாட்டாகவே பலரும் சொல்லி வந்திருக்கிறார்கள். காரணம் காட்டாமல், அலசாமல், பெயர்களை மட்டும் அடுக்கிவிட்டுப் போகிற காரியம் விமர்சனம் ஆகுமா என்பது கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்டவர்கள் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஒரு பட்டியலில் எந்தப் பெயர் இடம் பெறுகிறது என்பதற்கு முன்னாலேயே, அந்தப் பட்டியலுக்கு என்னென்ன கட்டங்கள் கிழிப்பது என்ற தீர்மானம் நடந்து முடிந்துவிடுகிறது. பெயர்களைப் பற்றி நாம் வருஷக்கணக்கில் சண்டை போடுகிறோம். கட்டங்களைப் பற்றி யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

கட்டங்கள் எப்படி உண்டாகின்றன, உண்டான பிறகு நம் ரசனையை என்ன செய்கின்றன என்று யோசிக்க எனக்குக் கிடைத்த உதாரணம் இலக்கியத்திலிருந்து வரவில்லை. கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பதற்காக எழுதப்பட்ட புரோகிராம்களின் சரித்திரத்திலிருந்து வந்தது. 1995-ல் ஆரம்பித்து ஏறக்குறைய 25 வருஷங்கள் உயிர்ப்போடு இருந்த சரித்திரம் அது. இசைத்தட்டுகளையும் கேஸட்டுகளையும் ஸி.டி.க்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, சொந்தமாக ஒரு சங்கீத நூலகம் வைத்துக்கொண்டவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். அந்த நூலகத்தின் அலமாரிகளைச் செய்தது யார் என்று கேட்டுப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இசைத்தட்டின் பெயர் அதன் உறையில் இருந்தது. கேஸட்டின் பெயர் அதன் அட்டையில், பெரும்பாலும் சொந்தக்காரரின் கையெழுத்தில் இருந்தது. 1982-ல் விற்பனைக்கு வந்த ஸி.டி.யிலும் இதே ஏற்பாடுதான். தட்டுக்குள் ஒலி உண்டு. ஒவ்வொரு பகுதியும் எத்தனையாவது நிமிஷத்தில் ஆரம்பிக்கிறது என்ற கணக்கு உண்டு. பாடியவர் யார், பாடியது என்ன என்ற விவரம் கிடையாது. 1996-ல் பெயர்களையும் தட்டிலேயே பதிவதற்கு ஒரு முறை வந்தது. கட்டாயமில்லை என்பதால் பெரும்பாலான தட்டுகள் பெயரில்லாமலே வந்தன. உறையைப் பிரித்து எடுத்துவிட்டால் ஒலி அநாதை.

ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சிக் கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் ப்ராண்டன்பர்கும் அவருடைய சகாக்களும் ஒலியைச் சுருக்கும் வேலையில் பல வருஷங்கள் ஈடுபட்டிருந்தார்கள். ஓங்கிய ஒலிக்குப் பக்கத்தில் வரும் மெல்லிய ஒலியைக் காது பொருட்படுத்துவதில்லை; அப்படிப்பட்டவற்றை நீக்கிவிட்டால் ஸி.டி.யில் உள்ள ஒலியைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள் அடக்கிவிடலாம். 1995 ஜூலையில் இந்த ஃபைல்களுக்கு எம்பி3 என்ற பெயர் முடிவாயிற்று. அதே வருஷம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இவற்றை வாசிக்க வின்ப்ளே3 என்ற புரோகிராமை அவர்களே வெளியிட்டார்கள். காதுக்கு எது கேட்கும், எது கேட்காது என்பதை அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள், கேட்கிற குரல் யாருடையது என்று எழுத அந்த ஃபைலில் ஒரு இடம் ஒதுக்கவில்லை. அது அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்னை இல்லை.

அந்த இடத்தை ஒதுக்கியவர் எரிக் கெம்ப். 1996-ல் ஃபைலின் கடைசியில் 128 பைட்டுகளை அவர் ஒட்டினார். ஐடி3 என்று இதற்குப் பெயர். கடைசியில் ஒட்டியதற்குக் காரணம் உண்டு. இதை அறியாத பழைய புரோகிராம்கள், பாட்டு முடிந்த பிறகுதான் இதைச் சந்திக்கும். அதனால் கெடுதல் அதிகமில்லை. இந்த 128-ல் முதல் 3 பைட் அடையாளத்துக்கு. பிறகு பாட்டின் தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30, கடைசி 1 பைட் வகைக்கு. வகையை எழுத வேண்டியதில்லை. 80 வகைகளுக்கு நம்பர் கொடுக்கப்பட்டிருந்தது; நம்பரைக் குறித்தால் போதும். 1997-ல் மைக்கேல் மட்ஷ்லர் குறிப்புக்கான இடத்திலிருந்து 2 பைட்டை எடுத்து, தட்டில் அது எத்தனையாவது பாட்டு என்பதற்குக் கொடுத்தார். உலகத்தின் சங்கீதம் முழுவதும் நடைமுறையில் இந்தச் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

அந்த 80 வகைகளைப் படித்துப் பார்ப்பது ஒரு அனுபவம். ராக் இசைக்கு ஐந்தாறு நம்பர்கள். கிறிஸ்தவ ராப்புக்கு 61. போல்க்கா நடனத்துக்கு 75. பாக், மோத்ஸார்ட், வாக்னர், பார்ட்டோக் எல்லோருக்கும் சேர்த்து ‘க்ளாஸிகல்’ என்று ஒரே நம்பர், 32. நமக்கு ஏதாவது உண்டா என்று தேடினால் 48-ல் ‘எத்னிக்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. தியாகராஜரும் தான்ஸேனும் பாலித் தீவின் கமலானும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளலாம். இதில் சதி எதுவும் இல்லை. தன்னிடம் இருந்த பாட்டுகளுக்கு ஒரு மனிதர் தனக்குத் தெரிந்த கட்டங்களைப் போட்டார். பிறர் அதை எடுத்துக்கொண்டார்கள். ஒருவருடைய சௌகரியம் எல்லோருக்கும் விதியானது இப்படித்தான்.

தலைப்பு, கலைஞர், ஆல்பம் என்ற மூன்று கட்டங்களுக்குப் பின்னால் ஒரு சங்கீத சித்தாந்தம் இருக்கிறது. சங்கீதம் என்பது பாட்டு. பாட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர். அவர் அதை ஒரு தட்டின் பகுதியாக வெளியிடுகிறார். அமெரிக்க ஜனரஞ்சக இசையைப் பொறுத்தவரை இது உண்மை. கச்சேரியைப் பொறுத்தவரை இதில் எதுவும் உண்மையில்லை. கலைஞர் என்ற கட்டத்தில் கிருதியை இயற்றியவரை எழுதுவதா, பாடியவரையா? பாடியவர் என்றால் வயலின்காரர் எங்கே, மிருதங்கக்காரர் எங்கே? எல்லாவற்றையும் விட, பாடகர் வாயைத் திறந்த அரை நிமிஷத்தில் சபையில் உட்கார்ந்திருப்பவர் முதலில் கண்டுகொள்ள முயல்வது ராகத்தை. அதற்குக் கட்டமே இல்லை. ரசிகன் எதை வைத்துத் தன் சங்கீத ஞானத்தைக் கட்டிக்கொள்கிறானோ, அதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இடமிருந்தது.

தமிழ் சினிமாப் பாட்டு வைத்திருந்தவர்கள் இந்தக் கட்டங்களை வேறு விதமாகச் சமாளித்தார்கள். ஆல்பம் என்ற இடத்தில் படத்தின் பெயர். கலைஞர் என்ற இடத்தில், பாடியவரை விட்டுவிட்டு இசையமைப்பாளரின் பெயர். இப்படி வைத்திருந்த தொகுப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘ராஜா பாட்டு’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது இயல்பு. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கட்டத்தின் பெயரை அலட்சியம் செய்துவிட்டு, தங்கள் கேள்வியில் எது முக்கியமோ அதை அதில் எழுதினார்கள். விமர்சனம் என்ற வார்த்தையை உபயோகிக்காமல் செய்த விமர்சனம் என்று இதைச் சொல்லலாம்.

எழுத்தின் பிரச்னை தனி. 30 என்ற கணக்கு மேற்கு ஐரோப்பிய எழுத்துக்களுக்கானது. அங்கே ஒரு எழுத்துக்கு ஒரு பைட். பின்னால் வழக்கத்துக்கு வந்த யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ‘தியாகராஜர்’ என்று எழுதிப் பாருங்கள். நம் கணக்கில் 6 எழுத்து. கம்ப்யூட்டரின் கணக்கில் 10 குறிகள், 30 பைட். கட்டம் விளிம்பு வரை நிரம்பிவிட்டது. முத்துஸ்வாமி தீட்சிதருக்கு இடமில்லை. 1998-ல் ஐடி3-யின் இரண்டாவது வடிவம் வந்தபோது நீளத்தின் தடை போயிற்று, யூனிகோட் வந்தது, இயற்றியவருக்குத் தனி இடம் வந்தது, விரும்பியவர் புதிய கட்டம் சேர்த்துக்கொள்ளவும் வழி வந்தது. ஆனால் புரோகிராம்களின் முகப்பில் அந்த மூன்று கட்டங்களே தொடர்ந்து உட்கார்ந்திருந்தன.

புரோகிராம்களில் பேர்போனது வின்ஆம்ப். அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் ஸெடோனா என்ற ஊர்க்காரரான ஜஸ்டின் ஃப்ராங்கல், காலேஜை விட்டு வந்த 18 வயதுப் பையன், டிமித்ரி போல்டிரெவுடன் சேர்ந்து 1997 ஏப்ரலில் அதை வெளியிட்டார். ஒலியைப் பிரித்தெடுக்கும் அடிப்படை வேலையை க்ரோயேஷியாவின் டொமிஸ்லாவ் உஸெலாக் எழுதிய ஆம்ப் என்ற புரோகிராமிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆரம்ப வருஷங்களின் வின்ஆம்ப்பில் நூலகம் என்று ஒன்று கிடையாது. ஒரு சின்னப் பெட்டி, பக்கத்தில் ஒரு வரிசை, அவ்வளவுதான். வரிசையை ஒரு சாதாரண எழுத்து ஃபைலாகச் சேமித்துக்கொள்ளலாம். உங்கள் ஃபைல்கள் எந்த ஃபோல்டரில், எந்தப் பெயரில் இருக்கின்றன என்பதில் அது தலையிடாது. ஒழுங்கு என்று ஏதாவது இருந்தால் அது கேட்பவருடைய ஒழுங்கு, ஒழுங்கீனமும் அவருடையதே. 1999-ல் ஏஓஎல் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2004-ல் ஃப்ராங்கல் விலகினார். 2013-ல் வின்ஆம்ப்பை மூடப்போவதாக ஏஓஎல் அறிவித்து, 2014-ல் ரேடியோனமிக்கு விற்றது.

இதற்கிடையில் பெயரில்லாத ஸி.டி.க்களுக்குப் பெயர் வைக்கும் காரியம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் என்ற இருவர் ஸிடிடிபி என்ற பெயரில் ஆரம்பித்தது. தட்டில் உள்ள பகுதிகள் ஆரம்பிக்கும் நேரங்களிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணுக்கு எதிரே யாராவது ஒருவர் விவரங்களைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டால், அதே தட்டை வைத்திருக்கும் மற்றவர்களுக்கு இன்டர்நெட் வழியாக அது கிடைத்துவிடும். உலகெங்கும் முகம் தெரியாத ரசிகர்கள் உட்கார்ந்து சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தார்கள். எழுத்துப் பிழைகளையும் சேர்த்துப் பகிர்ந்துகொண்டார்கள். 1998-ல் இது விற்கப்பட்டது. 2000-ல் க்ரேஸ்நோட் என்ற பெயர் பெற்றது. உபயோகிக்க விரும்பும் புரோகிராம்கள் உரிமம் பெற வேண்டும் என்றாயிற்று. அனுப்பியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அந்த அதிருப்தியிலிருந்து ஃப்ரீடிபி பிறந்து 2020 வரை இருந்தது. ராபர்ட் கே 2000-ல் ம்யூசிக்ப்ரெய்ன்ஸைத் தொடங்கினார். அதன் அடிப்படை விவரங்கள் யாருக்கும் சொந்தமாகாத பொதுச்சொத்து என்பது அதன் விதி.  ம்யூசிக்ப்ரெய்ன்ஸ் தொடர்ந்து நடக்கிறது.

நூலகம் என்ற கருத்தை வீடுகளுக்குக் கொண்டுவந்தது ஐட்யூன்ஸ். ஸவுண்ட்ஜாம் என்ற புரோகிராமை ஆப்பிள் 2000-ல் வாங்கி, மாற்றி, 2001 ஜனவரியில் வெளியிட்டது. அக்டோபரில் ஐபாட் வந்தது. 2003-ல் பாட்டு ஒன்று 99 ஸென்ட் என்று கடை வந்தது. ஆல்பம் உடைந்து பாட்டு அணுவாயிற்று. கணக்குப் புத்தகம் போலப் பத்திகள். தேடினால் உடனே கிடைக்கும். அனுமதித்தால் உங்கள் ஃபைல்களைக் கலைஞர், ஆல்பம் என்ற ஃபோல்டர்களில் அதுவே அடுக்கிவிடும். சௌகரியம் பெரிது. கலைத்துப் போட்டுக் கேட்கும் வசதியும் உண்டு. பல ஸி.டி.க்களில் ஆலாபனை ஒரு பகுதி, கிருதி இன்னொரு பகுதி. ராகம், தானம், பல்லவி மூன்றும் மூன்று பகுதிகள். கலைத்துப் போட்டால் ஒருவருடைய கல்யாணி ஆலாபனை முடிந்ததும் வேறொருவருடைய தில்லானா ஆரம்பிக்கும். பாட்டு அணுவாக இருக்கும் உலகத்தில் இது ஒரு விளையாட்டு. நமக்கு இது வாக்கியத்தின் எழுவாயையும் பயனிலையையும் வேறு வேறு புத்தகங்களிலிருந்து எடுத்துப் படிப்பது போல.

மேற்கத்திய சாஸ்திரீய சங்கீதக்காரர்களுக்கும் இதே கஷ்டம் இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். அவர்களுக்குப் பட்டியலின் ஒரு பாரம்பரியம் உண்டு. லுட்விக் ஃபான் கோஹெல் சட்டம் படித்தவர். செடிகொடிகளிலும் தாதுக்களிலும் ஈடுபாடு கொண்டவர். அவர் 1862-ல் மோத்ஸார்ட்டின் படைப்புகளைக் காலவரிசைப்படுத்தி 626 எண்கள் கொடுத்தார். இன்றும் மோத்ஸார்ட்டை அந்த எண்களால்தான் குறிக்கிறார்கள். ஸிம்ஃபனி என்ற முழுமையையும் அதன் உறுப்புகளையும் தனித்தனியாகக் குறிக்க ஐட்யூன்ஸ் இடம் கொடுத்தது 2016-ல். பிறந்து 15 வருஷம் கழித்து. நம்மிடமும் கட்டங்கள் இல்லாமல் இல்லை. சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 72 ராகாங்க ராகங்களின் வரிசையில், ஒவ்வொன்றின் கீழும் அதன் ஜன்யங்கள் என்று அமைந்தது. அதைத் திறப்பவர் ராகத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். அச்சில் இருந்த இந்த அறிவுக்கும் கம்ப்யூட்டரின் கட்டங்களுக்கும் நடுவில் பரிச்சயமே ஏற்படவில்லை.

கட்டங்களைக் கேட்பவர் கையில் கொடுத்த புரோகிராம்களும் இருந்தன. போலந்துக்காரரான பீட்டர் பாவ்லோவ்ஸ்கி 2002-ல் வெளியிட்ட ஃபூபார்2000 அவற்றில் ஒன்று. பார்ப்பதற்கு வறண்டது. ஆனால் விரும்பிய பெயரில் விரும்பிய அளவு பத்திகளைச் சேர்த்துக்கொள்ள அது அனுமதித்தது. ஆக் வோர்பிஸ், ஃப்ளாக் வகை ஃபைல்களில் ஒரே கட்டத்தைப் பலமுறை எழுதலாம். பாடகர், வயலின், மிருதங்கம், கடம் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். கலைஞர் என்றால் ஜனரஞ்சக இசையில் பாடுபவர், சாஸ்திரீய இசையில் இயற்றியவர் என்று அதன் விதிகளே விளக்கம் சொல்கின்றன. கட்டத்தின் உள்ளே தமிழில் எழுதலாம். கட்டத்தின் பெயரை மட்டும் ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும். சுதந்திரத்தின் வாசலிலும் ஒரு சின்ன நிபந்தனை.

என் தொகுப்பில் நான் ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம், இடம் என்று பத்திகள் சேர்த்தேன். ஒவ்வொரு ஃபைலாக, பல மாத மாலைகளில். ராகப் பத்தியை வைத்து வரிசைப்படுத்தியபோது தோடிகள் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. ஒருவர் அழுத்தி நிற்கும் இடத்தை இன்னொருவர் தொட்டும் தொடாமலும் போவது அடுத்தடுத்துக் கேட்கக் கிடைத்தது. மிருதங்கப் பத்தியை வைத்து வரிசைப்படுத்தியது இன்னும் பெரிய விஷயம். பாலக்காடு மணி ஐயர் என்ற பெயரின் கீழ் செம்பை, அரியக்குடி, ஆலத்தூர் சகோதரர்கள் எல்லோரும் வந்தார்கள். அரியக்குடியின் மத்யமகாலத்துக்கு அவர் ஒதுங்கி இடம் கொடுக்கும் விதம் வேறு. ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவிக் கணக்குக்குள் அவரும் இறங்கி நடக்கும் விதம் வேறு. பாடகர்களின் பெயரில் அடுக்கிய எந்த உறையும் எனக்கு இந்தச் சரித்திரத்தைச் சொன்னதில்லை. ஒலி பழையதுதான். ஒரு பத்தி புதிதாக வந்ததும் அதே ஒலிக்குள் வேறொரு நூலகம் இருந்தது தெரிந்தது.

இதைத் தனிமனிதர்கள் மட்டும் செய்ய வேண்டியதில்லை. பார்ஸிலோனாவின் பொம்பெய் ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2011-ல் தொடங்கிய காம்ப்ம்யூசிக் என்ற ஆராய்ச்சி, கர்நாடக சங்கீதத்தையும் துருக்கிய மகாமையும் பீக்கிங் ஆபராவையும் அவற்றின் சொந்தக் கருத்துக்களைக் கொண்டே கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்ய முயன்றது. சென்னை ஐ.ஐ.டி.யும் இதில் பங்கேற்றது. கர்நாடகப் பதிவுகளின் விவரங்களை அவர்கள் ம்யூசிக்ப்ரெய்ன்ஸில் சேர்த்தார்கள். இன்று அங்கே ஒரு கிருதிக்கு ராகமும் தாளமும் குறிக்க இடமிருக்கிறது. ஸபாக்கள் நிறைந்த ஒரு ஊரின் ரசிகர்கள் தாங்களாகவே கேட்டு வாங்கியிருக்க வேண்டிய கட்டம் அது.

ஆனால் அதற்குள் காற்று எதிர்த்திசைக்குத் திரும்பிவிட்டது. ஸவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற மாணவர் 2002-ல் ஆடியோஸ்க்ராப்லர் என்று ஒன்றைச் செய்தார். நீங்கள் எந்தப் பாட்டை எப்போது கேட்கிறீர்கள் என்பதை உங்கள் புரோகிராமிலிருந்து அது குறித்துக்கொள்ளும். அதுவரை கேட்பவர் பாட்டைப் பற்றிக் குறிப்பு எழுதினார். இப்போது பாட்டு கேட்பவரைப் பற்றிக் குறிப்பு எழுத ஆரம்பித்தது. ஆரம்பத்தில் அது ஒரு விரும்பிச் சேர்ந்த விளையாட்டு. 2008-ல் ஸ்வீடனிலும் சில ஐரோப்பிய நாடுகளிலும் ஆரம்பித்து 2019-ல் இந்தியா வந்த ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகளில் இதுவே அஸ்திவாரம். 2019-ல் மேக் கம்ப்யூட்டர்களில் ஐட்யூன்ஸ் என்ற பெயரே போயிற்று. கோடிக்கணக்கான பதிவுகள் மாத வாடகைக்குக் கிடைக்கின்றன. நான் மறுக்கவில்லை, நானும் கேட்கிறேன். ஆனால் அந்த மகா நூலகத்தில் என்னால் ஒரு பத்தி சேர்க்க முடியாது. மிருதங்கத்தை வைத்து அதை வரிசைப்படுத்த முடியாது. நேற்று இருந்த ஒரு பதிவு இன்று இல்லை என்றால் காரணம் கேட்க முடியாது.

இதனால் நஷ்டமடைவது என் சௌகரியம் மட்டும் என்றால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. அரியக்குடி 1967-ல் காலமானார், ஜி.என்.பி. 1965-ல், மதுரை மணி ஐயர் 1968-ல். இவர்களுடைய கச்சேரிகளில் நமக்குக் கிடைப்பவற்றில் கணிசமானவை ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பதிந்து, கேஸட்டாகி, பின்னர் எம்பி3 ஆகிக் கை மாறி வந்தவை. கம்பெனி வெளியிடவில்லை, உறை இல்லை, எந்தச் சேவையிடமும் இவற்றுக்கு ஒழுங்கான விவரம் கிடையாது. எந்த ஊர், எந்த வருஷம், வயலின் யார் என்பது பதிந்தவருக்குத் தெரியும். அவரிடமிருந்து வாங்கியவர் கேஸட் அட்டையில் எழுதி வைத்திருப்பார். ஃபைலான பிறகு அட்டை இல்லை. ‘ட்ராக் 03’ என்று மட்டும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். குரலை யாரும் அடையாளம் சொல்லிவிடுவார்கள். வயலின்காரருக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

அப்படி ஒரு தொகுப்பை வைத்திருப்பவர்கள் எந்தப் புரோகிராமையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். ராகம், பக்கவாத்தியக்காரர்கள், இடம், வருஷம், பதிவு யாரிடமிருந்து வந்தது என்ற விவரங்களைத் தமிழிலேயே ஒரு சாதாரண எழுத்து ஃபைலாக எழுதி, ஒலி இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்துவிடலாம். தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம். வின்ஆம்ப்பின் பழைய வரிசைகள் அப்படிப்பட்ட ஃபைல்கள்தான். அவற்றை இன்றும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்து படிக்க முடிகிறது.